மூன்று மணி நேரம் வாழும் நிரல்கள்

தமிழ்நாட்டில் கணினி அறிவியல் படித்த எவருக்கும் லேப் ரெக்கார்டு நோட்டின் கடைசி வரி மனப்பாடம். நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது, வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரே அச்சில் வார்த்த வாக்கியம். ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று நீலகிரியின் எந்தக் கல்லூரி ரெக்கார்டைப் புரட்டினாலும் அது இருக்கும். மலையிறங்கிக் கோவைக்குப் போனாலும் அதேதான். இயக்கப்பட்டது உண்மை. சரிபார்த்தது யார், எதை வைத்து என்று கேட்டால்தான் சிக்கல். ஏதோ ஓர் உள்ளீடு கொடுத்தார்கள், ஏதோ ஒரு விடை வந்தது, ஆசிரியர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

இப்படிப் படித்து வெளியே வருகிறவர்களைப் பற்றி நிறுவனங்கள் சொல்லும் குறையும் நமக்குப் பழகிப் போனது. மொழி தெரியும், அல்காரிதம் தெரியும், ஆனால் வேலையில் ஒழுங்கு இல்லை. எழுதிய நிரலைச் சோதிக்காமல் அனுப்புகிறார்கள். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதற்குத் தடயம் இல்லை. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். ஆகவே பல நிறுவனங்கள் புதியவர்களை முதல் சில மாதங்கள் மறுபடியும் வகுப்பில் உட்கார வைக்கின்றன. கல்லூரியில் இதை ஏன் சொல்லிக் கொடுப்பதில்லை என்று கேட்டால், பசங்களுக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள், சிலபஸில் இல்லை என்று மாணவர்கள் சொல்வார்கள்.

இரண்டுமே சரியான காரணம் இல்லை என்பது என் கருத்து. லேப் நிரலின் ஆயுள் மூன்று மணி நேரம். ஒன்றரை மணிக்குப் பிறக்கிறது, நாலரை மணிக்குப் பெல் அடிக்கும்போது செத்துவிடுகிறது. அதன்பின் அதை யாரும் திறப்பதில்லை, எழுதியவர் உட்பட. ஒழுங்கான மென்பொருள் உருவாக்கம் என்று நாம் சொல்கிற எல்லாப் பழக்கங்களும் நிரல் நாளைக்கும் உயிரோடு இருக்கும் என்ற எண்ணத்தின் மேல் நிற்பவை. பதிப்புகளைச் சேமிப்பது, நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் டெஸ்டை முன்கூட்டியே எழுதுவது, இன்னொருவரிடம் காட்டி ரிவ்யூ வாங்குவது, புரியும்படி பெயர் வைப்பது, எல்லாம் அப்படித்தான். நாலரைக்குச் சாகப்போகிற ஒன்றுக்கு இவை எல்லாம் வெட்டி வேலை. மாணவர்கள் அதைச் சரியாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சிலபஸில் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. மென்பொருள் பொறியியல் என்று ஒரு தாள் பெரும்பாலான பாடத்திட்டங்களில் உண்டு. ஆனால் அது எழுத்துத் தேர்வுத் தாள். ஒரு கட்டம் முடிந்த பின்தான் அடுத்தது என்று மென்பொருள் வேலையைக் காட்டும் நீர்வீழ்ச்சி மாதிரியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைக்கும். (இங்கே ஒரு வேடிக்கை. அந்தப் படத்தின் மூலம் என்று எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையை. அவர் படத்தைப் போட்டுவிட்டு, இப்படி நேர்கோட்டில் போவது ஆபத்து, தோல்வியைக் கூப்பிடும் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படம் மட்டும் பாடப்புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தது.) கருப்புப் பெட்டிச் சோதனைக்கும் (நிரலின் உள்ளே பார்க்காமல் சோதிப்பது) வெள்ளைப் பெட்டிச் சோதனைக்கும் (உள்ளே பார்த்துச் சோதிப்பது) உள்ள வேறுபாட்டைப் பட்டியலிட்டு முழு மதிப்பெண் வாங்கிய மாணவி, அதே வாரம் லேபில் ஒரு டெஸ்ட் கூட எழுதியிருக்க மாட்டார். அவர் மேல் தப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை.

பழைய முயற்சிகள்

இந்தக் கவலை புதிதும் இல்லை, நம்முடையது மட்டும் இல்லை. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பு கூட்டிய மாநாட்டில்தான் மென்பொருளையும் பொறியியல் போலச் செய்ய வேண்டும் என்ற பேச்சு உரத்து எழுந்தது. கணினிகள் பெரிதாகிக்கொண்டே போயின. மென்பொருள் திட்டங்கள் கெடு தாண்டின, செலவு தாண்டின. அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1976இல், ஐபிஎம் நிறுவனத்தில் மைக்கேல் ஃபேகன் நிரலை இயக்குவதற்கு முன்பே நாலு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பிழை கண்டுபிடிக்கும் முறையை வகுத்து வெளியிட்டார். இன்று கோட் ரிவ்யூ என்று சொல்வதற்கு அவர் முன்னோடி.

கல்லூரி மாணவர்களை நேரடியாகக் குறிவைத்த பெரிய முயற்சி வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பவருடையது. அவரும் ஐபிஎம் ஆள். பிறகு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்குப் போனார். நிறுவனங்கள் எவ்வளவு முதிர்ச்சியாக வேலை செய்கின்றன என்று தரம் பிரிக்கும் சிஎம்எம் முறைக்கு அடித்தளம் போட்டவர். நம் ஊர் ஐடி நிறுவனங்கள் ஒரு காலத்தில் லெவல் ஐந்து என்று வாசலில் எழுதி வைத்துக்கொண்டது அந்த முறையில் வாங்கிய சான்றிதழை நம்பித்தான். நிறுவனத்துக்குச் சொன்னதைத் தனி ஆள் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தானே உட்கார்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட சிறு நிரல்களை எழுதிப் பார்த்து, தனிநபர் மென்பொருள் செயல்முறை என்ற ஒன்றை உருவாக்கினார். 1995இல் அது நூலாகவே வந்தது. சுருக்கமாகப் பிஎஸ்பி என்பார்கள்.

பிஎஸ்பி படிக்கும் மாணவர் நிரல் எழுதத் தொடங்கும் முன்பே, இது எத்தனை வரி வரும், எத்தனை நிமிடம் ஆகும் என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். வேலை நடக்கும்போது நேரக் குறிப்பேடு வைக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேசினால் அந்த நிமிடங்களைத் தனியாகக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு பிழையையும் எந்தக் கட்டத்தில் உள்ளே விட்டோம், எந்தக் கட்டத்தில் பிடித்தோம், சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்று பதிய வேண்டும். பிழைகளுக்கு வகை எண் உண்டு: தொடரியல் பிழை 20, மதிப்பு ஒதுக்குவதில் பிழை 40, செயல்பாட்டுப் பிழை 80 என்ற மாதிரி. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரிடம் கொடுக்கும் முன் தானே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒரு பருவம் முழுக்க இப்படிச் செய்த பிறகு மாணவர் தன்னுடைய எண்களைத் தானே பார்ப்பார். அனுபவம் உள்ளவர்கள் கூட ஆயிரம் வரிக்கு ஏறத்தாழ 100 பிழைகளை உள்ளே விடுகிறார்கள் என்று ஹம்ஃப்ரி சொன்னார். கம்பைலர் பிடிப்பதும் அதில் அடக்கம்தான். என்றாலும் அந்த எண் எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1998இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜான்சனும் ஆன் டிஸ்னியும் மாணவர்கள் பூர்த்தி செய்த பிஎஸ்பி படிவங்களையே எடுத்துத் தணிக்கை செய்தார்கள். கூட்டல் தப்பு, விடுபட்ட கட்டம், ஒரு படிவத்தில் ஒன்றும் அடுத்ததில் வேறொன்றும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள். பிழையைக் குறைக்க வந்த குறிப்பேட்டிலேயே இவ்வளவு பிழை. அப்சர்வேஷன் நோட்டை முந்தின நாள் இரவு ஒரே மூச்சில் எழுதிப் பழகிய நம் மாணவர்கள் கையில் இந்தப் படிவங்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜான்சன் அதன்பின் கையால் எழுதுவதை விட்டுவிட்டு, கணினியே தானாகக் குறித்துக்கொள்ளும் கருவிகளின் பக்கம் போனார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஹம்ஃப்ரி நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் ஆசிரியர் கேட்கிறார் என்பதற்காக மட்டும் செய்யும் ஒழுங்கு ஆசிரியர் போனதும் போய்விடும். அந்தப் பழக்கம் இல்லாததால் மாணவருக்கே வலிக்க வேண்டும், அதுவும் அதே பருவத்துக்குள். வலிக்க வேண்டுமானால் நிரல் நாலரை மணிக்குச் சாகக்கூடாது.

கொழுந்துக் கணக்கு

பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தனித்தனி லேப் பயிற்சிகளுக்குப் பதிலாக, ஒரே நிரலைப் பருவம் முழுக்க வளர்க்கச் சொல்லலாம். என்ன நிரல் என்பதில்தான் மலைக் கல்லூரிகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு என்று எல்லா ஊரிலும் ஓடித் தேய்ந்த தலைப்புகளை விட்டுவிடலாம். இங்கே வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கொஞ்சமாவது தேயிலைத் தோட்டம் இருக்கும், அல்லது வீட்டில் யாராவது தோட்டத்தில் வேலை பார்ப்பார்கள். கொழுந்துக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

முதல் வாரப் பயிற்சி எளிது. ஒரு விவசாயி, ஒரு நாள், இவ்வளவு கிலோ கொழுந்து, இவ்வளவு விலை, தொகை என்ன? பெருக்கல் கணக்கு, ஐந்து வரியில் முடிந்துவிடும். எல்லோரும் வேகமாக முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பார்கள்.

இரண்டாம் வாரம் மழை. நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர் எடை என்று ஒரு சதவீதத்தைப் பாக்டரியில் கழிப்பார்கள். 18.5 கிலோ கொழுந்து, எட்டு சதவீதக் கழிவு என்று வைத்துக்கொள்வோம். 1.48 கிலோ போக 17.02 கிலோ. கிலோ 20 ரூபாய் 50 காசு என்றால் 348 ரூபாய் 91 காசு. சரி, ஆனால் 1.48 கிலோவை அப்படியே கழிப்பதா, முழு கிலோவாக்கிக் கழிப்பதா? முழுமையாக்கினால் ஒன்றா, இரண்டா? அதையும் ஒவ்வொரு எடைக்கும் தனியாகச் செய்வதா, மாதக் கடைசியில் மொத்தத்துக்கு ஒரே தடவையாகச் செய்வதா? மாதத்தில் பத்துத் தடவை இதே எடையில் கொடுத்த வீட்டுக்குக் கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கீழே முழுமையாக்கினால் கழிவு 10 கிலோ. மேலே முழுமையாக்கினால் 20 கிலோ. முழுமையாக்காமல் விட்டால் 14.8 கிலோ. கீழே போவதற்கும் மேலே போவதற்கும் வித்தியாசம் 205 ரூபாய். நிரல் மூன்று விதத்திலும் வெற்றிகரமாக இயங்கும். ரெக்கார்டின் கடைசி வரியை மூன்றுக்கும் எழுதலாம்.

இந்த இடத்தில் மாணவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார். அம்மாவோ தாத்தாவோ எப்படிக் கழிக்கிறார்கள் என்று சொல்வார்கள், கூடவே எப்படிக் கழிக்கக் கூடாது என்றும் நிறையச் சொல்வார்கள். தேவைகளைச் சேகரித்தல் என்று பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க இருப்பது இதுதான். அப்புறம் டெஸ்டுக்கு வரலாம். டெஸ்ட் என்பது நிரல் எழுதிய பின் ஓட்டிப் பார்ப்பது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கொழுந்துக் கணக்கில் அது தலைகீழாக நடக்கும். 18.5 கிலோவுக்கு இத்தனை ரூபாய் இத்தனை காசு வர வேண்டும் என்று கையால் கணக்குப் போட்டு, வீட்டில் கேட்டு உறுதி செய்து, அதை முதலில் டெஸ்டாக எழுதி வைத்துவிட்டுத்தான் நிரலுக்குள் போக வேண்டும். கெண்ட் பெக் பிரபலப்படுத்திய டெஸ்டை முன்வைக்கும் முறையின் சாரமும் இதுவே: முதலில் விடை, தோற்கும் டெஸ்ட், பிறகு அதை ஜெயிக்க வைக்கும் அளவுக்கு மட்டும் நிரல்.

காசுக் கணக்கில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் 0.1ஐச் சுழற்சியில் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 என்று வரும். பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதால் வரும் விளைவு அது. அதே பைத்தானில் 2.5ஐ முழுமையாக்கினால் 3 வரும் என்று எதிர்பார்ப்போம், 2 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டைப்படைக்குத் தள்ளும். ஆகவே பணத்தைக் காசாக, முழு எண்ணாக வைத்துக் கணக்கிட வேண்டும். எடையையும் கிராமில் வைத்துக்கொள்ளலாம். இதைக் கரும்பலகையில் எழுதினால் தலையாட்டுவார்கள். தங்கள் டெஸ்டே ஒரு காசு வித்தியாசத்தில் தோற்றுச் சிவப்பாக நிற்கும்போதுதான் கேள்வி கேட்பார்கள்.

நான்காம் வாரம் விலை மாறும். தேயிலை வாரியம் ஏல விலையை அடிப்படையாக வைத்து மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு சராசரி விலையை அறிவிக்கிறது. அதாவது கொழுந்து கொடுக்கும் நாளில் இறுதி விலை கையில் இருக்காது. முன்பணம் கொடுத்திருப்பார்கள், பிறகு கணக்கு நேர் செய்ய வேண்டும். முதல் வாரத்தில் 20.50 என்ற எண்ணை நிரலுக்குள் ஏழு இடத்தில் நேரடியாக எழுதி வைத்தவர் இப்போது மாட்டுவார். ஆறு இடத்தில் மாற்றி ஏழாவதை மறப்பார். ஒரே இடத்தில் பெயரிட்டு வைத்தவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். இதற்கு மேல் விரிவுரை எதுவும் தேவைப்படாது.

ஏழாம் வாரம் குழுக்கள் நிரலை மாற்றிக்கொள்ள வேண்டும். நீ எழுதியதை அவர்கள் தொடர வேண்டும், அவர்கள் எழுதியதை நீ. வகுப்பில் அன்றைக்கு நடக்கும் சண்டை பார்க்கத் தக்கது. எக்ஸ்1, டெம்ப், டெம்ப்2 என்று பெயர் வைத்தவர்களிடம் சக மாணவர் கேட்கும் கேள்வியின் காரம் எந்த ஆசிரியருக்கும் வராது. பழைய நிரலைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகும்போது என்ன ஆகும் என்பதற்கு 1996 ஜூன் 4 அன்று வெடித்த ஏரியன் 5 ராக்கெட்டைச் சொல்லலாம். ஏரியன் 4க்கு எழுதிய நிரல் பகுதியை அப்படியே எடுத்துப் போட்டார்கள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. கிளம்பி ஒரு நிமிடம் ஆகும் முன்பே ராக்கெட் சிதறியது. இதில் கொடுமை, அந்தக் கணக்கீடு ராக்கெட் மேலே கிளம்பிய பின் தேவையே படாத ஒன்று. பழையதில் இருந்தது, புதியதிலும் இருந்துவிட்டது.

வாசலில் நிற்கும் 6,000ஆவது வண்டி

எல்லை மதிப்புச் சோதனை என்று ஒன்று பாடத்தில் வரும், வரம்பின் ஓரத்தில் நிற்கும் எண்களைக் கொடுத்துப் பார்ப்பது. வயது 18க்கு மேல், 60க்குக் கீழ் என்று சலித்துப்போன உதாரணம் தருவார்கள். நமக்குக் கல்லாறு, பர்லியாறு பக்கமே உதாரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு.

இதை மாணவர்களிடம் கொடுத்து, நிரல் எழுத வேண்டாம், டெஸ்ட் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். 5,999, 6,000, 6,001 என்ற மூன்றும் முதலில் வரும். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து கேள்விகள் கிளம்பும். வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு வரை தங்குகிற வண்டி எந்த நாள் கணக்கில் சேரும்? பொங்கல் திங்களன்று வந்தால் அது வார நாளா, இறுதியா? பாஸ் எடுத்துவிட்டு வராமலே போனவரின் இடம் வீணா? கடைசி ஒரு பாஸுக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால்? வாடகைக் காரை ஊட்டிக்காரர் ஓட்டி வந்தால் அது உள்ளூர் வண்டியா? கடைசிக் கேள்வியைக் கேட்கிற மாணவரின் வீட்டில் யாரோ டாக்சி ஓட்டுகிறார் என்று அர்த்தம். சட்டத்தின் வாசகத்துக்கும் நிரலின் நிபந்தனைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அவர்களே கண்டுபிடிப்பதற்கு இது போதும்.

மழை, பஸ், கிட்

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு இன்று உலகம் முழுக்கப் பயன்படுவது கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. அவர் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் குழு அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி போய்விட்டதால் வந்த அவசரம். மாணவர்கள் பலரும் கிட்டையும், கிட் நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். மலையில் இந்தக் குழப்பத்துக்கு நடைமுறை விலை உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்தால் மின்சாரமும் போகும், நெட்டும் போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அந்த வாரம் யார் எதை மேலேற்றியிருக்க முடியும்? ஆனால் கிட்டில் முழு வரலாறும் அவரவர் கணினியிலேயே இருக்கும். கமிட் செய்ய, அதாவது ஒரு மாற்றத்தை வரலாற்றில் பதிந்து வைக்க, நெட் தேவையே இல்லை. வீட்டில் மடிக்கணினியில் பேட்டரி இருக்கும் வரை வேலை செய்து, சிறு சிறு கமிட்டாக வைத்துக்கொண்டு, கல்லூரிக்கு வந்த பிறகு அனுப்பிவிடலாம். நெட் போச்சு சார் என்ற காரணத்துக்கு இதோடு முற்றுப்புள்ளி. நெட் இல்லாத இடத்தில் வேலை செய்யும் குழுவுக்காகவே செய்தது போல இருக்கும் ஒரு கருவியை, கிட்ஹப்பில் கோப்பை இழுத்துப் போடும் தளமாக மட்டும் பயன்படுத்துவது அநியாயம்.

இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து எழுதுவதற்கும் இங்கே தனிக் காரணம் இருக்கிறது. மஞ்சூருக்கும் கோத்தகிரிக்கும் பஸ் பிடிக்கிற மாணவர்கள் லேப் முடிந்து குழுவாக உட்கார முடியாது. பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஆகவே கூட்டு வேலை லேப் நேரத்துக்குள்தான் நடந்தாக வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் அடுத்து என்ன தப்பு நடக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளியானது. இணையாக எழுதியவர்கள் மொத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதிக உழைப்பு நேரம் எடுத்தார்கள், பிழைகளும் அதே அளவுக்குக் குறைந்தன. கணினிகள் போதாத லேபுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே ஆபத்து, கெட்டிக்காரர் ஒருவர் விசைப்பலகையை விடவே மாட்டார். ஆசிரியர் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

பருவத்தின் பின்பாதியில் நிரலைச் சீரமைக்க ஒரு வாரம் முழுதாக ஒதுக்க வேண்டும், புதிய வசதி எதுவும் சேர்க்காமல். மாணவர்களுக்கு இது பிடிக்காது, ஒரு வாரம் வீண் என்பார்கள். தேயிலைக்குக் கவாத்து அடிப்பது பற்றித் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் குட்டையாக வெட்டிவிடுவார்கள், சில மாதம் கொழுந்து வராது, ஆனால் வெட்டாமல் விட்டால் கைக்கெட்டாத மரமாகிவிடும். ஒரு நிபந்தனை உண்டு: டெஸ்ட் இல்லாத நிரலைச் சீரமைக்கப் போகக் கூடாது. எதை உடைத்தோம் என்றே தெரியாது.

மதிப்பெண் எங்கே போகிறது

இவ்வளவும் மதிப்பெண் பிரிப்பில் வந்து நிற்கும். வெளித்தேர்வாளர் வந்து மூன்று மணி நேரத்தில் நடத்தும் செய்முறைத் தேர்வைக் கல்லூரி மாற்ற முடியாது. அது பல்கலைக்கழகத்தின் கையில். ஆனால் இன்டர்னல் மதிப்பெண்ணில் ஆசிரியருக்குக் கொஞ்சம் இடம் உண்டு. விடை வந்ததா என்பதற்குப் பாதி, அது எப்படி வந்தது என்பதற்குப் பாதி என்று பிரித்தாலே லேபின் குணம் மாறும்.

எப்படி வந்தது என்பதை அளப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கமிட் எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று அறிவித்தால், கடைசி இரவில் பதினோரு மணிக்கு மேல் முப்பது கமிட் வரிசையாக வரும். ஃபைனல், ஃபைனல்2, புதிய ஃபைனல் என்று பெயர். டெஸ்ட் எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால் ஒன்றும் ஒன்றும் இரண்டா என்று சோதிக்கும் டெஸ்ட்கள் நூறு வரும். எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். வைவாவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். அவருடைய கிட் வரலாற்றைத் திரையில் திறந்து, ஏதாவது ஒரு கமிட்டைத் தொட்டுக் காட்டி, இதற்கு முன் என்ன உடைந்திருந்தது, இதை ஏன் மாற்றினாய், எந்த டெஸ்ட் உனக்குச் சொன்னது என்று கேட்டால் போதும். வேலை செய்தவருக்கு அந்தக் கதை நினைவிருக்கும். அறுபது பேர் வகுப்புக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும், இரண்டு லேப் நேரம். அறுபது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தை விடக் கூடுதல் என்று தோன்றவில்லை.

கடைசிப் பருவப் பிராஜெக்ட்டுக்கும் இதே மருந்து. கோவையில் இறங்கினால் தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவுக்கான கேள்வி பதில் வரை சேர்த்து விற்கும் பிராஜெக்ட் சென்டர்கள் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். முடிந்த நிரலை விலைக்கு வாங்கலாம். நான்கு மாத வரலாற்றை, இடையில் தோற்ற டெஸ்ட்களோடும் திருத்தத்தோடும் வாங்குவது கஷ்டம். வாங்கினாலும் விளக்குவது அதைவிடக் கஷ்டம்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, நிரல் எழுதுவதே இனி மனிதர் வேலை இல்லை, அப்புறம் எதற்கு இந்த ஒழுங்கு எல்லாம் என்ற கேள்வி எழுகிறது. எனக்கு இது நேர் எதிராகத் தோன்றுகிறது. கொழுந்துக் கணக்கை எழுதித் தா என்று கேட்டால் அது நொடியில் எழுதித் தரும். தண்ணீர்க் கழிவை எப்படி முழுமையாக்குவது என்று சொல்லாமல் விட்டால் தானே ஒன்றை முடிவு செய்துகொள்ளும், அதையும் தயங்காமல் செய்யும். அந்த 205 ரூபாய் யார் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு டெஸ்ட் வேண்டும். அந்த டெஸ்டில் இருக்க வேண்டிய விடை கொலக்கம்பையிலோ எடக்காட்டிலோ கொழுந்து கொடுக்கிற ஒருவரிடம்தான் இருக்கிறது. அடுத்தவர் எழுதிய நிரலைப் படிப்பது, சந்தேகப்படுவது, சிறு மாற்றமாக ஏற்றுக்கொள்வது என்று ஃபேகன் 1976இல் நாலு பேரை உட்கார வைத்துச் செய்த வேலை இப்போது இரண்டாம் ஆண்டு மாணவருக்கே தினசரி வேலையாகிவிட்டது. முன்பு லேப் நிரலை எழுதியவராவது ஒருமுறை படித்திருப்பார். இப்போது அதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதால், குழுக்கள் நிரலை மாற்றிக்கொள்வதை ஏழாம் வாரம் வரை தள்ளிப் போடாமல் மூன்றாம் வாரத்திலேயே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.